கறிவேப்பிலையை எங்கே பிரிப்பது?

கேள்வி: ‘கறிவேப்பிலை’யைப் பிரித்து எழுதும் பாடம். என் மகள் ‘கறி + வேப்பு + இலை’ என்று எழுதினாள். நான் ‘கறி, வேப், பிலை’ என்று சொல்லிக்கொடுத்தேன். எது சரி? எந்த எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்? ‘கருவேப்பிலை’ என்றும் எழுதலாமா?

பதில்: நீங்கள் பிரித்தது ஓசையை, மகள் பிரித்தது பொருளை. இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்படாது. குழப்பம் அங்கேதான்.

பொருள்படி இது கறி + வேம்பு + இலை. மகள் ஒரு படி முன்பே நின்றுவிட்டாள், அவ்வளவுதான். வேம்பு என்பது மென்தொடர்க் குற்றியலுகரம், அதாவது மெல்லின மெய்யை (இங்கே ‘ம்’) அடுத்து வரும், குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல். இப்படிப்பட்ட சொற்களில் சில, இன்னொரு சொல்லோடு சேரும்போது மெல்லின மெய்யை அதன் இனமான வல்லினமாக மாற்றிக்கொள்ளும். மருந்து + பை ‘மருத்துப்பை’ ஆவதும், இரும்பு + பாதை ‘இருப்புப்பாதை’ ஆவதும் இதனால்தான். அப்படியே வேம்பு ‘வேப்பு’ ஆகிறது. அப்புறம் ‘இலை’யின் இகரம் வந்ததும் கடைசி உகரம் விலக, ப்+இ சேர்ந்து ‘பி’. ஆக, அந்த ஒரே எழுத்தில் வேம்பின் மெய்யும் இலையின் உயிரும் இருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இது.

ஓசைப்படி நீங்கள் சொன்னது சரி. செய்யுளில் ஓசையை அளக்கும் அசைகள் நேர், நிரை என்று இரண்டு: கறி (நிரை), வேப் (நேர்), பிலை (நிரை). இந்த வரிசைக்கு உரிய வாய்பாடு, அதாவது மாதிரிச் சொல், புளிமாங்கனி. ஒரு தாவரப் பெயரை அளக்க இன்னொரு தாவரப் பெயர்!

அழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. குறில் நெடில் மாறினால்தான் மாறும், படம் பாடம் ஆவதுபோல. ‘வே’யை இரண்டு மாத்திரை (மாத்திரை என்பது ஒலிக்கும் கால அளவு) நீட்டி, ‘ப்’பில் நின்று சொல்லச் சொல்லுங்கள். கடைசி ‘லை’யை இழுக்க வேண்டாம், அது ஐகாரக் குறுக்கம், அதாவது ‘ஐ’ தன் அளவில் குறைந்து ஒலிப்பது, ஒரு மாத்திரைதான்.

‘கருவேப்பிலை’ பேச்சில் பரவலாக உண்டு. எழுத்தில் ‘கறி’ என்றே எழுதுங்கள். கறியில் இடுவதால் வந்த பெயர் அது. ‘கரு’ என்றால் கருமை என்று குழந்தை தவறாகப் பொருள்கொள்ளும். இலை வேம்பின் இலையை ஒத்திருப்பதால் வேம்பு வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது எலுமிச்சைக் குடும்பத்து மரம். மலையாளத்தில் ‘இலை’ சேராமல் மரத்தைக் ‘கறிவேப்பு’ என்கிறார்கள். மகள் எழுதிய அதே ‘வேப்பு’தான், அவளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள்.