பல்லாவரத்துக் கருங்கல்லும் 'உள்ளூர்' ஆய்விதழும்: நிலவியல் கேள்வி-பதில்

சில மாதங்களாகச் சேர்ந்துபோன கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்து வந்தவை. கடைசி இரண்டும் அப்படியில்லை. அவைதான் எனக்குப் பிடித்தவை.

முதல் கேள்வி: என் ஆய்வு தருமபுரிப் பக்கத்துப் பாறைகளைப் பற்றியது. 'ஜர்னல் ஆஃப் த ஜியாலஜிகல் சொசைட்டி ஆஃப் இந்தியா'வுக்கு அனுப்பலாம் என்றிருந்தேன். "உள்ளூர் இதழ் எதற்கு?" என்கிறார் நண்பர்.

பெங்களூரில் 1958இல் தொடங்கிய சங்கம் அது. இதழ் 1959 முதல் வருகிறது. இந்திய நிலவியலில் வேலை செய்கிறவர் யாரும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. உள்ளூர் என்றால் மட்டம் என்று நினைக்கிற உங்கள் நண்பரை ஒருநாள் பல்லாவரத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்குள்ள கருங்கல்லுக்கு உலகம் முழுக்கச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த கல்லும் அதே வகைதான் என்று கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். அதை அவர் 1893இல் எழுதியது லண்டனில் அல்ல, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில். விரிவான ஆய்வு 1900இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 'மெமாய்ர்ஸ்' வரிசையில் வந்தது. இரண்டுமே 'உள்ளூர்' வெளியீடுகள். அண்டார்க்டிகாவில் வேலை செய்கிறவரும் இன்று அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்.

மறுபக்கமும் உண்டு. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ளேயே (வரிவரியாகத் தெரியும் உருமாறிய பாறை அது) திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதைப் பார்த்த நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து, அதை 1960இல் லண்டனின் 'நேச்சர்' இதழில் எழுதினார். எந்த மலையில் பார்த்தாலும் பொருந்தக்கூடிய விஷயம் அது, உலக இதழுக்குப் போனது சரி. உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்து அந்தத் தருமபுரிக் குன்றுக்கு யார் ஏறப் போகிறார்கள்? தருமபுரியில் வேலை செய்யப் போகிறவர் என்றால், அவர் படிக்கிற இதழில் போடுங்கள்.

வெளியிடுமுன் என் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்ன இரண்டு மதிப்பாய்வாளர்களில் ஒருவர் 'சிறு திருத்தம்', இன்னொருவர் 'பெரிய திருத்தம்' என்கிறார். இரண்டாமவருக்கு என் மேல் ஏதாவது கோபமா?

இருக்காது. முதலாமவர் மேலோட்டமாகப் படித்திருக்கவும் வாய்ப்பு உண்டு! என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் நான் முதலில் பார்ப்பது முன்னுரையை அல்ல, வேதிப் பகுப்பாய்வு அட்டவணையை. சிலிக்கா, அலுமினா, இரும்பு என்று ஆக்சைடுகளை வரிசையாகக் கூட்டினால் 100ஐ ஒட்டி வரவேண்டும். 93 வந்தால், மீதி 7 எங்கே போனது? நீரும் கார்பன்-டை-ஆக்சைடும் எரியிழப்பாக, அதாவது சூடாக்கும்போது குறைகிற எடையாக, போயிருக்கலாம். அப்படியென்றால் அதற்கு ஒரு வரிசை வேண்டும். எல்லா மாதிரிக்கும் துல்லியமாக 100.00 வந்தாலும் சந்தேகம்தான், யாரோ கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அல்லது 100க்கு மாற்றி எழுதியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மாதிரி எடுத்த இடம். 'சாலையோரக் குவாரி' என்று எழுதினால் எந்தச் சாலை, எந்தக் குவாரி? அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாத மாதிரி என் கணக்கில் வெறும் ஜல்லி. வரைபடத்தில் அளவுகோலும் வடக்கு அம்பும், நுண்ணோக்கிப் படத்தில் அளவுக்கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் எழுதும்போது ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணம் சொன்னால் போதும், இதழின் ஆசிரியர் கேட்பார்.

"மூன்று நாளில் பிரசுரம், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு" என்று மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா?

மூன்று நாளில் இரண்டு பேர் ஒரு நிலவியல் வரைபடத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியாது. ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்குக் கொடுக்கும் பன்னாட்டு அடையாள எண், வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அது சொல்லாது.

ஆனால் போலி நம்பரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நான் மேலே சொன்ன பெங்களூர் இதழின் எண் 0016-7622. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 86. அதை 11ஆல் வகுத்தால் மீதி 9. பதினொன்றில் ஒன்பது போக 2, அதுதான் கடைசி இலக்கம். (10 வந்தால் எக்ஸ் போடுவார்கள், 11 வந்தால் 0.) கணக்கு இடித்தால் எண்ணே பொய். இடிக்காவிட்டால், ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் ஒருவருக்கு எழுதி, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. நம்பகமான இதழ்கள் எவை என்று சொன்ன யு.ஜி.சி.யின் கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டதால், இந்த வேலை இப்போது உங்கள் தலையில்தான்.

மதிப்பாய்வில் தேறிய கட்டுரை பொய்யாக இருக்க முடியுமா?

முடியும். இமயமலைப் புதைபடிவங்கள் விவகாரம் அப்படித்தான். பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். இமயமலையில் எடுத்தவை என்று அவர் காட்டிய சில அம்மோனாய்டுகள் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்கள்) மொராக்கோவில் விற்பனைக்குக் கிடைப்பவை போல இருந்தன. பல் போன்ற நுண்ணிய புதைபடிவங்களான கோனோடோன்டுகள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஓடை ஒன்றில் கிடைப்பவற்றோடு ஒத்துப்போயின. ஆஸ்திரேலியாவின் புதைபடிவ ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் இதைப் போட்டு உடைத்தார். கூட்டாக எழுதிய நிபுணர்கள் புதைபடிவத்தைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். அது எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதற்கு மட்டும் அவர் சொன்னதையே நம்பிவிட்டார்கள். மதிப்பாய்வாளர் தாளைத்தான் படிக்கிறார், மலை ஏறுவதில்லை. குவாரி எங்கே என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அரியலூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாறையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

உங்கள் ஊரைப் பற்றி எழுதாதவர்கள்தான் குறைவு, ஐயா. நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டின் ஆய்வு 1862இல் 'மெமாய்ர்ஸ்' நான்காம் தொகுதியில் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த அடுக்குகளின் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பழைய தொகுதிகளின் மின்படி இணையத்தில் கிடைக்கிறது. நிலவியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' தளத்தில் உங்கள் வட்டாரத்தின் நிலவியல் வரைபடத்தையும் எடுக்கலாம். பிள்ளைகளைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப் போகும்போது அதை அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

கிணறு தோண்டும்போது கனமான கறுப்புக் கல் கிடைத்தது, காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா? ஆய்விதழில் போடுவார்களா? (சேலம்)

சேலம் என்று எழுதியதும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. கஞ்சமலை முழுக்கக் காந்தம் ஒட்டுகிற இரும்புத்தாது. குளியலறை டைல்ஸின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மாக்னடைட்தான். கோடு விழாவிட்டால் கல்லை உடைக்காமல், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது, சுற்றிலும் என்ன மண் என்று குறித்துவைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.