அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் கேட்கும் கேள்விக்குப் பிரதமர் நிஜமாகவே பதில் சொல்கிறாரா?

கேட்டவர் கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்: ‘யூடியூபில் ஒரு துண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், பதில் என்று எதுவும் காதில் விழவில்லை. இதனால் யாருக்கு என்ன பயன்?’

நேராகவே சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்கு அன்றே, அங்கேயே ஒழுங்கான பதில் வருவது குறைவு. இருந்தும் டப்ளினுக்கு வந்த நாளிலிருந்து நான் இதை விடாமல் பார்க்கிறேன். அங்கே சொல்லப்படும் பதிலின் மதிப்பு அன்றைக்குத் தெரியாது. சில மாதமோ சில வருஷமோ கழித்து, வேறொரு காகிதம் வெளியே வரும்போதுதான் தெரியும்.

முதலில் ஏற்பாடு எப்படி என்று பார்த்துவிடலாம். கீழவைக்கு டோல் என்று பெயர், பிரதமருக்கு டீஷக், துணைப் பிரதமருக்கு டானிஷ்டே. 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு டோலில் 174 உறுப்பினர்கள். செவ்வாயும் புதனும் டீஷக் வந்து நிற்க வேண்டும். வியாழக்கிழமை பெரும்பாலும் டானிஷ்டே. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கு மூன்று நிமிடம், பதிலுக்கு மூன்று நிமிடம். பிறகு துணைக்கேள்விக்கு ஒன்று, அதற்குப் பதில் ஒன்று. ஆக ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். இப்படி நான்கு சுற்று. இதற்குத் ‘தலைவர்கள் கேள்வி’ என்று பெயர். இருப்பதிலேயே பெரிய எதிர்க்கட்சி என்பதால் ஷின் ஃபேன் தலைவர் மேரி லூ மெக்டொனால்டுதான் வழக்கமாக முதலில் எழுந்திருப்பார்.

என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். அதனால் டீஷக் ஒரு தடித்த கோப்போடு வருகிறார். அன்று எதெல்லாம் கிளம்பலாம் என்று அதிகாரிகள் யூகித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். எதிர்த்தரப்பு முதல் வாக்கியத்தைப் பேசும்போதே அவர் பக்கம் புரட்டுவதைக் கேமராவில் பார்க்கலாம். அந்தப் பக்கம் கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது தனி.

கேள்வி பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கதையோடு தொடங்கும். வீட்டு வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்படும் தாய், முதுகுத்தண்டு வளைவு அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குழந்தை. சில நாள் அந்தக் குடும்பமே மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும். டீஷக் எழுந்து முதலில் அந்தக் குடும்பத்துக்கு வருத்தம் தெரிவிப்பார். ‘விவரத்தை என்னிடம் கொடுங்கள், நான் பார்க்கச் சொல்கிறேன்’ என்பார். அடுத்து, அரசு அந்தத் துறைக்கு எத்தனை கோடி யூரோ கூடுதலாக ஒதுக்கியிருக்கிறது என்ற கணக்கு வரும். கேட்டவர் ஷின் ஃபேன் என்றால், ‘வடக்கு அயர்லாந்தில் உங்கள் கட்சிதானே ஆட்சியில் இருக்கிறது, அங்கே ஆஸ்பத்திரிக் காத்திருப்பு எப்படி?’ என்று ஒரு குத்து. அதற்குள் மூன்று நிமிடம் முடிந்து சபாநாயகர் மணியடிப்பார். கேள்வி அதே இடத்தில் கிடக்கும்.

ஒருமுறை எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகம் வழியாக அனுமதி வாங்கி, மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லென்ஸ்டர் ஹவுஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரபு கட்டிய மாளிகை. இப்போதைய டோல் மண்டபம் ஒரு காலத்தில் ராயல் டப்ளின் சொசைட்டியின் சொற்பொழிவு அரங்கம். அதனால் இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும், தலைவர்கள் அடியில் உட்காருவார்கள். டிவியில் பேசுகிறவருடைய மைக் மட்டும்தான் நமக்குக் கேட்கும். நேரில் போனால் பின்வரிசை முணுமுணுப்பு, கேலி, சிரிப்பு எல்லாம் காதில் விழும். மறுநாள் அதிகாரபூர்வப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்தக் களேபரம் முழுவதுக்கும் அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடுகள்’ என்று ஒரே ஒரு சொல்!

ஒருவரை ஒருவர் பொய்யர் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் திரும்பப் பெறச் சொல்வார்கள், மறுத்தால் வெளியே போக வேண்டும். கோழை, எலி, கோமாளி மாதிரியான வசவுகளும் தடைப்பட்டியலில் உண்டு. 2009 டிசம்பரில் பசுமைக் கட்சியின் பால் கோகார்ட்டி, எதிர்த்தரப்பு உறுப்பினரைப் பார்த்து இங்கே எழுத முடியாத அந்த நான்கெழுத்து ஆங்கில வார்த்தையால் திட்டிவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டார். அப்புறம் தேடிப் பார்த்தால் அந்த வார்த்தை பட்டியலிலேயே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதில் சொல்லாமல் நழுவுவதற்கு நாடு கொடுத்த விலைக்கு மாட்டிறைச்சித் தொழில் விவகாரம்தான் பெரிய உதாரணம். மாட்டிறைச்சி ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அரசு கொடுத்த ஏற்றுமதிக் கடன் காப்பீடு பற்றி எதிர்க்கட்சிகள் டோலில் திரும்பத் திரும்பக் கேட்டன. சரியான பதில் வரவில்லை. 1991-இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி விஷயத்தைக் கிளப்பியதும் விசாரணை ஆணையம் போட்டார்கள். அது 1994 வரை இழுத்தது, வக்கீல் கட்டணம் கோடிக்கணக்கில் போனது. நடுவில் ஆணையத் தலைவர் நீதிபதி லியாம் ஹாமில்டனே ஒரு நாள் சொன்னார்: இங்கே பதில் சொல்வது போல டோலிலும் சொல்லியிருந்தால் இந்த விசாரணைக்கே அவசியம் வந்திருக்காது என்று. கேள்வி நேரத்தைப் பற்றி யார் என்ன கட்டுரை எழுதினாலும் எனக்கு இந்த ஒரு வரி போதும்.

சொன்ன பதிலே திரும்பி வந்து கழுத்தைப் பிடித்ததும் உண்டு. மாரிஸ் மெக்கேப் என்ற போலீஸ் சார்ஜெண்ட் தன் துறைக்குள் நடந்த முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தவர். ஒரு விசாரணை ஆணையத்தின் முன் அவருடைய நோக்கத்தையே கொச்சைப்படுத்த, போலீஸ் தலைமையின் வக்கீல்கள் ஒரு உத்தி வகுத்திருந்தார்கள். அது நீதித்துறை அமைச்சகத்துக்கு எப்போது தெரியும்? தொழிற்கட்சியின் ஆலன் கெல்லி இதை மாதக்கணக்கில் எழுத்துக் கேள்விகளாகப் போட்டுக்கொண்டே இருந்தார். வந்த பதிலெல்லாம் சப்பென்றிருந்தன. மனிதர் விடவில்லை. 2017 நவம்பரில், அப்போது டீஷக்காக இருந்த லியோ வரத்கர், முன்னாள் நீதித்துறை அமைச்சரும் டானிஷ்டேயுமான ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஆதரவாக டோலில் பேசினார். சில நாளில் 2015 மே மாதத்து மின்னஞ்சல் ஒன்று வெளியே வந்தது. அந்த உத்தி பற்றி அமைச்சருக்கு அப்போதே தகவல் போயிருக்கிறது. தான் அவையில் சொன்னதை வரத்கரே எழுந்து திருத்த வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சியாக இருந்துகொண்டே அரசைத் தாங்கி வந்த ஃபியானா ஃபால் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர, கிறிஸ்துமஸுக்கு முன் தேர்தல் வந்துவிடுமோ என்ற நிலை. நவம்பர் 28 அன்று ஃபிட்ஸ்ஜெரால்டு ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு, மெக்கேப் விவகாரத்தை விசாரித்த சார்ல்டன் தீர்ப்பாயம் அவர் தவறாக நடக்கவில்லை என்று சொன்னது. அதையும் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அந்த விவகாரத்தில் ஒரே ஒரு கேள்விக்குக்கூட முதல் தடவையில் நேரான பதில் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒவ்வொரு மழுப்பலும் தேதியோடு பதிவானது. மின்னஞ்சல் வந்ததும் அதையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வாக்குறுதிகளும் இப்படித்தான் துரத்துகின்றன. முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கு எந்தக் குழந்தையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்று 2017-இல் சுகாதார அமைச்சராக இருந்த சைமன் ஹாரிஸ் சொன்னார். 2025-இல் டானிஷ்டேயாக வியாழக்கிழமை எழுந்து நிற்கும்போதும் அந்த நான்கு மாதத்தை வைத்துத்தான் அவரை மடக்கினார்கள். வீட்டுக் கணக்கும் அதே கதை. 2024-இல் ஏறக்குறைய 40,000 வீடுகள் கட்டி முடிந்துவிடும் என்று ஆளும் தரப்பு தேர்தல் முழுக்கச் சொன்னது. ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் கொடுத்த எண் 30,330. மீஹால் மார்ட்டின் மீண்டும் டீஷக் ஆன முதல் வாரங்களில் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நன்றாகப் பேசுகிற, அவை நடைமுறை அத்துப்படியான மனிதர்தான், ஆனால் கோபம் சட்டென்று வந்துவிடும். எதிர்க்கட்சிக்கு அது தெரியும், வேண்டுமென்றே சீண்டுவார்கள்.

அந்தக் கூச்சல் வீடியோ எந்தத் தேதி என்று நீங்கள் சொல்லவில்லை. 2025 மார்ச் 25 ஆக இருந்தால் அது வேறு விவகாரம். மைக்கேல் லவ்ரி தலைமையில் சில சுயேச்சைகள் அரசை ஆதரிக்க ஒப்பந்தம் போட்டுவிட்டு, எதிர்க்கட்சிக்கு உரிய கேள்வி நேரத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. ஜனவரி 22 அன்று டீஷக்கைத் தேர்ந்தெடுக்கவே முடியாமல் அவையை ஒத்திவைத்தார்கள். மறுநாள்தான் மார்ட்டின் தேர்வானார். மார்ச்சில், தலைவர்கள் கேள்வி முடிந்ததும் மற்ற உறுப்பினர்களுக்கென்று எட்டு நிமிடம் ஒதுக்கும் விதியை அமளிக்கு நடுவே நிறைவேற்றினார்கள். தன்னை ஃபோனில் படம் பிடித்த எதிர்க்கட்சிக்காரருக்கு லவ்ரி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியது மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. முதல் பெண் சபாநாயகர் வெரோனா மர்ஃபி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, 96-71 என்று தப்பினார்.

எட்டு நிமிடத்துக்கா இவ்வளவு என்று இங்கே ஆபீஸிலும் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசுக்கு ஓட்டுப் போடுகிறவரே எழுந்து, ‘எங்கள் ஊர்ச் சாலைக்கு நிதி ஒதுக்கியதற்கு நன்றி, மேலும் எப்போது ஒதுக்குவீர்கள்?’ என்று கேட்டால் அதையும் கேள்வி என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? எதிர்க்கட்சி போட்ட சத்தம் அதிகம்தான், ஆனால் விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

பார்க்க ஆசையிருந்தால், செவ்வாய் மதியம் 2 மணிக்கு அவை கூடியதும் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் இந்திய நேரம் மாலை 7.30, கோடையில் 6.30. நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே நேரலை உண்டு. ஆனால் துண்டு வீடியோவை விட எழுத்துப் பதிவைப் படியுங்கள், இலவசம்தான். ஒரே தலைப்பில் போன வருஷம் டீஷக் சொன்னதையும் இந்த வாரம் சொன்னதையும் அடுத்தடுத்து திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் ஒவ்வொரு தலைப்புக்கும் கொஞ்சம் வேறு மாதிரி வரும்.