செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து படிப்பதா, தூங்குவதா?

கேள்வி: எனக்கு வயது 26. காட்பாடி பக்கம் வீடு. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எட்டு மாதமாக செகண்ட் ஷிப்ட், மதியம் 2 முதல் இரவு 10 வரை. பைக்கில் வீடு வந்து சேர 11 ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு இரவு 1.30 வரை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். எங்களுடையது ஷீட் போட்ட வீடு. காலை 6 மணிக்கு மேல் சூட்டிலும் சத்தத்திலும் படுக்க முடியாது. எழுந்தாலும் தலை பாரமாக இருப்பதால் போனைப் பார்த்தே பொழுது போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா வீட்டில் மதியம் வரை தூங்கி ஈடுகட்டுகிறேன். தூக்கம் 90 நிமிடச் சுற்றாக வருவதால் மூன்று சுற்று, அதாவது நாலரை மணி நேரம் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆனால் படித்தது எதுவும் மனதில் தங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் ஷிப்டைப் பலரும் குறை சொல்வார்கள். தேர்வு எழுதும் ஒருவருக்கு அது உண்மையில் வசதியான ஷிப்ட். மதியம் 1 மணி வரை உங்கள் காலைப்பொழுது சும்மா கிடக்கிறது. குரூப் 4 தேர்வு நடப்பதும் காலை 9.30 முதல் 12.30 வரைதான். 200 கேள்விக்கு மூளை சுறுசுறுப்பாக இருக்க வேண்டிய அந்த மூன்று மணி நேரத்தை, வாரத்தில் ஆறு நாள் தலை பாரத்தோடு போனில் கழித்துப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். இரவில் படிப்பதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் அந்த வீடியோ. அதில் பாதி உண்மை. தூக்கம் சுற்றுச் சுற்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு சுற்று கடிகாரம் மாதிரி 90 நிமிடத்தில் முடியாது. ஆளுக்கு ஆள், ஒரே இரவில் சுற்றுக்குச் சுற்றுகூட மாறும். எல்லாச் சுற்றும் ஒரே மாதிரியும் இல்லை. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வந்துவிடும். கனவுத் தூக்கம் விடியும் நேரத்தை ஒட்டித்தான் அதிகம். நாலரை மணி நேரத்தில் எழுந்தால் இந்தப் பின்பாதிதான் பறிபோகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு.

படித்தது ஏன் தங்கவில்லை? நம் பக்கத்துக்காரரிடம் இதைத் தோல் கதையாகவே சொல்லலாம். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு வைப்பது தற்காலிகம். தோல் ஷாப்புக்குப் போய்ப் பதப்பட்டால்தான் அது வருடக்கணக்கில் நிற்கும். நீங்கள் படிப்பது உப்புப் போடுகிற வேலை. அன்றைக்குப் படித்ததை மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து மூளையின் மேற்பரப்புக்கு மாற்றுகிற வேலை தூக்கத்தில் நடக்கிறது. அந்தத் தூக்கத்தைக் குறைத்துவிட்டு நீங்கள் தினமும் உப்பு மட்டும் போட்டுக்கொண்டே போகிறீர்கள்.

“எனக்குப் பழகிவிட்டது” என்று நினைக்கவேண்டாம். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஆட்களை 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டார்கள். முடிவில் அவர்களின் கவனமும் நினைவும் ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. அவர்களைக் கேட்டால் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை என்றார்களாம். இதுதான் ஆபத்து. உங்களைப் பொறுத்தவரை இது மார்க் விஷயம் மட்டுமில்லை. காலை 6 மணிக்கு எழுந்த ஆள் இரவு 11 மணிக்கு வீட்டை நெருங்கும்போது விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நிலையில் கையும் கண்ணும் கொஞ்சம் குடித்தவரைப் போலத் தடுமாறும் என்று 1997இலேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இரவில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறீர்கள். வழியில் கண்ணைக் கட்டினால் வெளிச்சமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.

சரி, நேரத்தை எப்படிப் பிரிப்பது? 11 மணிக்கு வந்ததும் சாப்பாடு, அதுவும் குறைவாக. வயிறு நிறையச் சாப்பிட வேண்டியது வேலைக்கு இடையில் வரும் இடைவேளையில். 11.45க்குப் படுக்கை. படுக்குமுன் பத்து நிமிடம் காலையில் படித்த குறிப்பைப் புரட்டலாம், புதிதாக எதையும் தொடவேண்டாம். 6.15க்கு எழுந்தால் ஆறரை மணி நேரம் ஆயிற்று. எழுந்ததும் வெயிலில் கால் மணி நேரம் நடங்கள். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்த வெளிச்சம்தான். வீட்டில் சத்தம் என்றால் 9 மணிக்கு மேல் நூலகத்துக்குப் போய்விடுங்கள். 12.15க்குத் திரும்பி, அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் ஏழு மணி நேரக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் தூங்கினால் மந்தமாகத்தான் எழுவீர்கள்.

கம்பெனியில் இரவு 8 மணிக்கு வரும் டீயை விட்டுவிடுங்கள். குடித்த காஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கடைசி டீ மாலை 5 மணிக்கு.

இனி நம் ஊர் வெக்கை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா, அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகின்றன. தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும். கத்திரி வெயிலில் ஷீட் வீட்டுக்குள் அது இறங்காது. வாசலில் கட்டிலைப் போட்டுக் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். வந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி உள்சூட்டை வெளியே விடாது. சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடப்பதால் ஈரத்துண்டும் ஃபேனும் நன்றாகவே வேலை செய்யும். மழைக்காலப் புழுக்கத்தில் அந்த உத்தி அவ்வளவாக எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மதியம் வரை வேண்டாம். அப்படித் தூங்கினால் அன்று இரவு தூக்கம் தள்ளிப்போய், திங்கட்கிழமையே கடனோடு தொடங்கும்.

குறட்டை பலமாக வந்து நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொன்னாலோ, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கம் வராமல் மூன்று மாதம் ஓடினாலோ மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

முதல் வாரம் 11.45க்குப் படுத்தால் தூக்கம் வராது, 1.30 வரை விழித்துப் பழகிய உடம்பு. இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து வாசற்படியில் உட்காருங்கள். போன் உள்ளேயே இருக்கட்டும். கொட்டாவி வந்ததும் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் அடுத்த நாள் அலாரம் அதே 6.15க்குத்தான்.