ஒட்டாத சர்ஃபேஸ்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளாஸ்டிக் மோல்டு வடிவமைப்பில் புதிதாகப் பணிக்குச் சேர்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் ஐஜிஇஎஸ் கோப்பை (வடிவமைப்பு மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் பொதுவடிவம்) சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால், ஒரே பாகம் பல தனித்தனிச் சர்ஃபேஸ்களாக (தடிமனற்ற பரப்புகளாக) வருகிறது. அவற்றை ஒட்டும் 'நிட் சர்ஃபேஸ்' கட்டளையைக் கொடுத்தால் பிழை காட்டுகிறது. சில சமயம் இணைந்தாலும் சாலிட் (உள்ளே நிரம்பிய திட உரு) ஆவதில்லை. டாலரன்ஸை, அதாவது ஏற்கப்படும் இடைவெளி வரம்பை, கூட்டினால் போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். சரிதானா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: டாலரன்ஸைக் கூட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சாலிட் உருவில் அடுத்தடுத்த இரண்டு முகங்களுக்கு (பரப்புகளுக்கு) ஒரே விளிம்புதான் பொதுவாக இருக்கும். 1980-இல் வெளிவந்த ஐஜிஇஎஸ் முறையிலோ பெரும்பாலும் ஒவ்வொரு முகமும் தன் எல்லைக்கோட்டுடன் தனியாக எழுதப்படுவதால், அந்தப் பொது விளிம்பு இரு பக்கத்திலிருந்தும் இரண்டு முறை வருகிறது. இரண்டும் தோராயமான வளைகோடுகள் என்பதால் துல்லியமாகப் பொருந்துவதில்லை. அனுப்பும் மென்பொருளின் துல்லியமும் உங்களுடையதும் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளில் சர்ஃபேஸ்களை இணைக்கும் ஜாயின் கட்டளை இயல்பாக 0.001 மி.மீ. வரை இடைவெளியை ஏற்கிறது. சாலிட்வொர்க்ஸின் அடித்தளமான வடிவக் கணக்கீட்டு நிரல் பாராசாலிட் 0.00001 மி.மீ. அளவில் கணக்கிடுகிறது. ஆகவே இடைவெளி இருப்பதில் வியப்பில்லை. அது எங்கே, எவ்வளவு என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோப்பைத் திறந்தவுடன், வேறு எதையும் சேர்ப்பதற்கு முன்பே, 'இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ்' ஓடவிடுங்கள். பழுதான முகங்களையும் இடைவெளிகளையும் அது பட்டியலிட்டுத் தரும், பலவற்றைத் தானே சரிசெய்யும். மீதமுள்ளவற்றை மொத்தமாக நிட் செய்யாமல் சிறு தொகுதிகளாகச் செய்யுங்கள். எந்தத் தொகுதி மறுக்கிறதோ அதைப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், குற்றவாளியான ஓரிரு முகங்கள் விரைவில் அகப்படும்.

அந்த முகங்களை உற்றுப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். நிட் கட்டளைக்கு விளிம்பும் விளிம்பும் தொட்டால்தான் ஆகும். ஒரு முகம் மற்றொன்றைத் தாண்டி நீண்டிருந்தால் 'டிரிம் சர்ஃபேஸ்' கொண்டு வெட்டியே ஆக வேண்டும். ஒரே விளிம்பில் மூன்று முகங்கள் சந்தித்தால் முறையான சாலிட் உருவாகாது, எனவே உள்ளே தங்கிவிட்ட தேவையற்ற முகத்தை நீக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இரட்டை முகங்கள் கண்ணுக்கே தெரியாது. ஒன்றை மறைத்த பிறகும் அதே இடத்தில் முகம் தெரிந்தால் அது நகல். என் அனுபவத்தில் மிகுந்த தொல்லை தருபவை மூன்று ஃபில்லட்கள் (உருட்டிய விளிம்புகள்) கூடும் மூலைகளில் உண்டாகும் ஊசி போன்ற மெல்லிய முகங்கள்தாம். அவற்றைப் பழுதுபார்க்க நேரம் செலவிடாதீர்கள். அழித்துவிட்டு, சுற்றியுள்ள விளிம்புகளைத் தேர்ந்தெடுத்து 'ஃபில்டு சர்ஃபேஸ்' மூலம் தொடுகோட்டுத் தொடர்ச்சியுடன் (மடிப்பு தெரியாதபடி) புதிதாக வரையுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகு, நிட் கட்டளையில் இடைவெளிகளைக் காட்டும் 'கேப் கண்ட்ரோல்' பட்டியலைப் பாருங்கள். இடைவெளிகளெல்லாம் சில மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் டாலரன்ஸைச் சற்றுக் கூட்டி மூடலாம். மற்றவை மைக்ரானில் இருக்க, ஒன்று மட்டும் 0.2 மி.மீ. என்று நின்றால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். டாலரன்ஸைக் கூட்டுவதால் இடைவெளி மறைவதில்லை. மூடியதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பின்னர் ஷெல் (உள்ளே குடைதல்), ஆஃப்செட் (பரப்பைச் சம தூரம் தள்ளி வரைதல்), ஃபில்லட் கொடுக்கும்போது அதே இடத்தில் பிழை எழக்கூடும், மோல்டில் அதன் விலை அதிகம்.

இணைந்தும் சாலிட் ஆகாவிட்டால், எங்கோ ஒரு விளிம்பு திறந்திருக்கிறது. 'செக்' கருவியில் திறந்த சர்ஃபேஸ்களைத் தேடச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் மூடியிருந்தால், நிட் கட்டளையில் சாலிட் உருவாக்கும் தெரிவை இட்டீர்களா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளரிடம் வேறு வடிவத்தில் கேட்கலாமா?
– அதே வாசகர்

பதில்: கட்டாயம் கேளுங்கள். ஐஎஸ்ஓ 10303 தரத்தின்படி அமைந்த ஸ்டெப் கோப்பு, முகங்கள் எந்த விளிம்பைப் பகிர்கின்றன என்ற செய்தியையும் சாலிடோடு சேர்த்துக் கொண்டுவரும். அவர்கள் என்எக்ஸ் அல்லது சாலிட் எட்ஜ் மென்பொருளைப் பயன்படுத்தினால் அவையும் பாராசாலிட் அடிப்படையிலானவை என்பதால், பாராசாலிட் கோப்பே சிறந்தது. அத்துடன் அவர்கள் பக்கத்தில் அளந்த கன அளவையும் எழுதித் தரச் சொல்லி, உங்கள் திரையில் 'மாஸ் பிராப்பர்ட்டீஸ்' காட்டும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மோல்டு வேலையைத் தொடங்குங்கள்.