கைதட்டுமுன் பஸூனைக் கேளுங்கள்

கேள்வி: கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான். முதன்முறையாக ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் இ மைனர் வயலின் கன்சர்ட்டோ (வயலின் முன்னணியில் நிற்க ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் படைப்பு), மூன்று பகுதிகளாம். எப்போது கைதட்டுவது?

பதில்: ஒரே தடவை, கடைசியில். ஏறக்குறைய 27 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது நமக்குக் கஷ்டம்தான். அதிலும் இந்தக் கன்சர்ட்டோவில் ஏமாறும் இடங்கள் உண்டு.

முதல் பகுதியின் நடுவில் வயலின் தனியாக வாசிக்கும். அதற்குக் கடென்சா என்று பெயர். நம் கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிந்ததுபோல் கை பரபரக்கும்; வேண்டாம். வில் நான்கு தந்திகளிலும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரா தொடக்க மெட்டை எடுத்துவிடும். அதுவரை கதாநாயகனாக இருந்த வயலின் சட்டென்று பக்கவாத்தியமாகிவிடும்.

பெரிய பொறி அந்தப் பகுதியின் முடிவில் இருக்கிறது. வேகம் ஏறி, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்கி நிற்கும். 1845இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட் இதை அரங்கேற்றிய காலத்தில் ஒரு பகுதி முடிந்ததும் தட்டுவதுதான் வழக்கம். மெண்டல்சோன் அதற்கு இடமே வைக்கவில்லை. முழக்கம் அடங்கும்போது ஒரே ஒரு பஸூன் (தாழ்ந்த குரலில் ஒலிக்கும் நீண்ட மரக் குழல் வாத்தியம்) மட்டும் 'பி' ஸ்வரத்தை விடாமல் பிடித்திருக்கும். யாராவது தட்டினால் அது காதில் விழாது, பாவம்.

உங்களுக்கு அது தேன். ஷட்ஜம் ('ஸ') இ-யில் இருந்தவரை அந்த 'பி' பஞ்சமம் ('ப'). பஸூன் மெல்ல அரை ஸ்வரம் ஏறி 'சி'யைத் தொட்டதும் இரண்டாம் பகுதியின் ஷட்ஜம் அங்கே போய் உட்காரும். அந்தப் பழைய பஞ்சமம் காகலி நிஷாதமாகிவிடும், அதாவது புது 'ஸ'வுக்கு அரை ஸ்வரம் கீழே நிற்கும் 'நி'. கிரகபேதம் (ஷட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றிப் பாடுவது) ரசிக்கத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பகுதி அமைதியாக முடியும், யாரும் தட்டமாட்டார்கள். சிறு இணைப்பு, டிரம்பெட் முழக்கம், பிறகு துள்ளலான மூன்றாம் பகுதி. ஷட்ஜம் மறுபடி இ-தான், ஆனால் இப்போது அந்தர காந்தாரத்தோடு (உயர்ந்த 'க'). கடைசி ஒலிக்குப் பின், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை இறங்கட்டும், பிறகு ஆசைதீரத் தட்டுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன்: இருமல், கனைப்பு எல்லாவற்றையும் கண்டக்டர் கோலைத் தூக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பீத்தோவன் கன்சர்ட்டோவில் வயலின் வாய்திறக்கச் சில நிமிடம் ஆகும். இங்கே சில விநாடிகளிலேயே தொடங்கிவிடும்.