வாசகர் கேள்வி – பதில்: எண்ணிட்டு வரும் தேவதைக் கதைப் பொம்மைகள்

தேவதைக் கதைகளின் நாயகியரை 'லிமிடெட் எடிஷன்' (வரையறுத்த எண்ணிக்கையில் மட்டும் செய்யும் பதிப்பு) பொம்மைகளாக வாங்கிச் சேகரிப்பவர்களும், சேகரிக்கத் தொடங்கலாமா என்று தயங்குபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: ஒரு பெட்டியில் 2,500 என்றும் இன்னொன்றில் 13,000 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டையும் 'லிமிடெட் எடிஷன்' என்றே விற்கிறார்கள். எதை அரியது என்று நம்புவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அந்தச் சொல்லை நம்பாதீர்கள், அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தப் பொம்மையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். நீங்கள் குறிப்பிடும் இரண்டு எண்களும் டிஸ்னி ஸ்டோர் வெளியீடுகளுக்கு உரியவை. அந்நிறுவனம் 2011இல் பத்து இளவரசியரை 'டிசைனர் கலெக்‌ஷன்' என்ற வரிசையில் வெளியிட்டபோதுதான் இந்தத் துறையில் இன்று நாம் காணும் வேகம் தொடங்கியது. மறு ஆண்டு வந்த, கதைகளின் வில்லிகள் வரிசையில் ஒவ்வொரு பொம்மையும் 13,000 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 2013இல் காதலர் இணைகளாக வந்த தேவதைக் கதை வரிசையில் ஒவ்வோர் இணைக்கும் 6,000 என்று வரையறுத்தார்கள். அதே ஆண்டு வந்த 17 அங்குல எல்சாவும் ஆனாவும் தலைக்கு 2,500தான். 'ஃப்ரோஸன்' படம் 2013 நவம்பரில் வெளியாவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்ட எண் அது. அந்தப் படம் உலகெங்கும் அப்படி ஓடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. குறைவாகச் செய்த பொம்மையைப் பெரும் கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் தேடத் தொடங்கியதால்தான் எல்சா எட்டாக்கனியானாள். 2,500 என்று அச்சிட்டும் தேடுவாரின்றிக் கிடக்கும் பொம்மைகள் எத்தனையோ உண்டு.

எண்ணே இல்லாமல் 'லிமிடெட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எச்சரிக்கை தேவை. பீங்கான் தட்டுகளையும் பீங்கான் பொம்மைகளையும் அஞ்சல் வழியாக விற்ற அமெரிக்க நிறுவனங்கள் சில, சூளை எரியும் நாட்களை வைத்துப் பதிப்பை வரையறுத்தன. அந்த நாட்களுக்குள் எத்தனை செய்தாலும் அது வரையறுத்த பதிப்பாகவே கணக்கில் வரும். மேட்டல் நிறுவனம் 2004இல் சேகரிப்பாளருக்கான பார்பிகளை வண்ண முத்திரைகளால் வகைப்படுத்தியது இதைவிட நேர்மையான வழி: பிளாட்டினம் என்றால் ஆயிரத்துக்கும் குறைவு, கோல்டு என்றால் 25,000க்கு மிகாது, சில்வர் என்றால் 50,000க்கு மிகாது என்று அறிவித்தார்கள். ஐம்பதாயிரம் பொம்மைகள் உள்ள ஒரு பதிப்பை நான் அரியது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் வாங்குபவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

கேள்வி: பதிப்பில் எத்தனையாவது பொம்மை என்று குறிக்கும் சான்றிதழில் சிறிய எண் உள்ள பொம்மைக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் ஓவியங்களில் தகடு தேயத் தேயக் கோடுகள் மங்கும் என்பதால், முதலில் எடுத்த படிகளுக்குத் தனி மதிப்பு உண்டு; சிறிய எண்ணின் மீதான மோகம் அங்கிருந்து வந்தது. பொம்மைகளில் எண் என்பது பெட்டியில் அடைக்கும்போது சான்றிதழோடு சேரும் ஒன்று. 12ஆம் எண் பொம்மையின் கண் கோணலாகவும் 5,800ஆம் எண் பொம்மையின் கண் செம்மையாகவும் இருக்க எந்தத் தடையும் இல்லை. எனவே எண்ணைக் கேட்பதற்கு முன் முகத்தின் படத்தைக் கேளுங்கள். இரண்டு கண்களும் ஒரே திசையில் நோக்குகின்றனவா, உதட்டு வண்ணம் உதட்டுக் கோட்டுக்குள் நிற்கிறதா, இமை முடிகள் நேராக ஒட்டப்பட்டுள்ளனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். முன்பின் அறியாதவரிடம் வாங்குவதானால், சான்றிதழ் எண்ணும் அன்றைய தேதி எழுதிய தாளும் பொம்மையும் ஒரே சட்டத்துக்குள் இருக்குமாறு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார்.

கேள்வி: என்னிடம் இரண்டு சிண்ட்ரெல்லாக்கள் இருக்கிறார்கள். ஒருத்தியின் உடை நீலம், மற்றவளுடையது வெள்ளி நிறம். இரண்டுமே 1950ஆம் ஆண்டு டிஸ்னி படத்தைத் தழுவியவை என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. எது சரி? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, இந்தப் பொம்மைகளின் மீது அன்பு கொண்ட எவரும் ஒரு நாள் வந்து நிற்கும் இடம் இது. படத்தில் சிண்ட்ரெல்லா விருந்துக்கு அணிந்து செல்லும் உடை வெள்ளி கலந்த வெண்மைதான். நிலவொளியில் அது நீலம் பாய்ந்தாற்போலத் தோன்றும். பிற்காலத்தில் இளவரசியர் பலரை ஒரே பெட்டியிலும் ஒரே பையிலும் சேர்த்து விற்கத் தொடங்கியபோது, ஒவ்வொருத்திக்கும் தொலைவிலிருந்தே தெரியும் ஒரு நிறம் தேவைப்பட்டது. சிண்ட்ரெல்லாவுக்கு நீலம் நிலைத்தது. அவளுடைய செம்பு படர்ந்த கூந்தலும் அந்தப் பயணத்தில் பளிச்சென்ற பொன்னிறமாகிவிட்டது. 1959இல் வந்த 'உறங்கும் அழகி' படத்திலும் இதையே காணலாம். அதன் நாயகி அரோராவின் உடைக்கு இளஞ்சிவப்பா நீலமா என்று தேவதைகள் சண்டையிட்டு நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். திரையில் நாம் பெரிதும் பார்ப்பது நீல உடையை, கடையில் பெரிதும் பார்ப்பது இளஞ்சிவப்பு உடையை.

ஆகவே உங்கள் வெள்ளி உடைக்காரி படத்துக்கு நெருக்கமானவள், நீல உடைக்காரி கடைகளின் வழக்கத்துக்கு நெருக்கமானவள். ஆனால் 'சரி' என்று தீர்ப்பளிப்பதற்கு முன் கதையையும் கேட்க வேண்டும். 1697இல் பிரெஞ்சு மொழியில் பெரோ எழுதிய கதையில்தான் பூசணிக்காய் வண்டியும், காவல் தேவதையும், கண்ணாடிக் காலணியும் வருகின்றன. படம் பின்பற்றியது அதை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் பதிப்பித்து, பிற்பதிப்புகளில் திருத்திய கதையில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் நட்ட மரத்தில் வந்து அமரும் பறவை பொன்னும் வெள்ளியும் இழைத்த உடையைக் கீழே போடுகிறது. கடைசி இரவில் அவள் விட்டுச் செல்லும் காலணி பொன்னாலானது. அந்தச் சிண்ட்ரெல்லாவை நேசிப்பவருக்கு நீலம், வெள்ளி இரண்டுமே போதாது. பொம்மையை வாங்குவதற்கு முன் அந்தக் கதையின் பழைய வடிவங்களை ஒரு முறையேனும் படித்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். படித்த பிறகு பொம்மையின் கையில் என்ன இருக்கிறது, காலில் என்ன இருக்கிறது, வடிவமைத்தவர் எதை விட்டுவிட்டார் என்று கண் தானாகவே தேடும். சேகரிப்பில் எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது அந்தத் தேடல்தான்.

கேள்வி: திரைப்பட முகங்கள் எனக்கு அலுத்துவிட்டன. படங்களைச் சாராத தேவதைக் கதைப் பொம்மைகள் உண்டா? (வாசகர், டொராண்டோ)

பதில்: நிறைய உண்டு, அவற்றில் பல உங்கள் கண்டத்திலேயே பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கும். 1936இல் சான் பிரான்சிஸ்கோவில் நான்சி ஆன் ஆபட் தொடங்கிய தொழிலைத் தேடிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறு பீங்கான் பொம்மைகளுக்குக் குழந்தைப் பாடல்களிலும் தேவதைக் கதைகளிலும் வரும் மாந்தரின் உடைகளைத் தைத்து, புள்ளியிட்ட அட்டைப் பெட்டிகளில் விற்றார்கள். தொடக்கத்தில் பொம்மைகள் ஜப்பானிலிருந்து வந்தன. உடை மட்டும் சான் பிரான்சிஸ்கோவில் தைக்கப்பட்டது. ஒரே பொம்மையே பல பெயர்களில் வந்ததால், மணிக்கட்டில் கட்டிய சிறு தாள் பட்டை போய்விட்டால் அவள் யாரென்று சொல்வது கடினம்; ஆகவே பட்டையோடு இருப்பதை வாங்குங்கள். நியூயார்க்கில் 1923இல் நிறுவப்பட்ட மேடம் அலெக்ஸாண்டர் நிறுவனத்தின் எட்டு அங்குலப் பொம்மைகளிலும் கதை மாந்தர் ஏராளம். அதன் நிறுவனர் பியாட்ரிஸ் அலெக்ஸாண்டரின் குடும்பம், உடைந்த பொம்மைகளைப் பழுது பார்க்கும் 'பொம்மை மருத்துவமனை' நடத்தியது. உடைந்த பொம்மைக்காக அழும் குழந்தைகளைப் பார்த்து வளர்ந்தவர் பியாட்ரிஸ் என்பது அந்தத் தையலின் உறுதியிலும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தலைகீழாகத் திருப்பும் துணிப் பொம்மை ஒன்று உண்டு. ஒரு பக்கம் சிவப்புத் தொப்பிச் சிறுமி. பாவாடையைப் புரட்டினால் பாட்டி. பாட்டியின் தொப்பியைத் திருப்பினால் ஓநாய். எண்ணும் சான்றிதழும் இல்லாமலேயே முழுக் கதையையும் ஒரே உடலில் சொல்லிவிடும் பொம்மை அது.

கேள்வி: பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். சென்னை வெயிலிலும் ஈரப்பதத்திலும் அது பாதுகாப்பா? (வாசகி, சென்னை)

பதில்: திறக்காத பெட்டிக்கு மறுவிற்பனையில் விலை கூடுதல் என்பது உண்மை, திறக்காத பெட்டி பொம்மையைக் காக்கும் என்பது உண்மையன்று. பெட்டி கடையில் அழகாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே கூந்தலைக் கட்டிய ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் இளகிக் கறையாகும். தலையில் குத்திய பிளாஸ்டிக் ஊசிகள் அங்கேயே இருக்கும். அடர்ந்த நிறத் துணியின் சாயம் வெளிர் வினைல் பிளாஸ்டிக் கால்களில் ஏறும். வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெப்பத்தில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பாகும். பழைய பார்பிகளின் காதைச் சுற்றிப் பச்சைக் கறை படர்வது உலோகக் காதணியால். இவற்றில் எதுவும் பெட்டி மூடியிருப்பதால் நின்றுவிடாது. மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

நான் திறப்பவள். திறக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் கட்டியிருக்கும் விதத்தைப் படமெடுத்து, கட்டிய கம்பிகளையும் சான்றிதழையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், பின்னாளில் மீண்டும் அடைக்க வழி இருக்கும். நேர் வெயில் படாத, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியே நல்லது. காற்றே புகாத பிளாஸ்டிக் உறையில் சுற்றாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கும். உடைக்கும் உடலுக்கும் இடையே அமிலமற்ற வெள்ளைத் தாளை வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம்: அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சினால் அட்டைப் பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மாதம் ஒரு முறை துடையுங்கள். கூந்தலில் ஜெல் போட்டு வடிவமைத்திருந்தால் அதைச் சீவாமல் விடுவதே மேல். ஒரு முறை கலைந்தால் தொழிற்சாலை வடிவம் திரும்பாது.

கேள்வி: மகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று இந்தப் பொம்மைகளில் பணம் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: போடாதீர்கள். 1988இல் வந்த முதல் 'ஹாப்பி ஹாலிடேஸ்' பார்பி கடைகளில் உடனே தீர்ந்து, விலை ஏறியது. அதைக் கண்ட பலர் அடுத்தடுத்த ஆண்டுகளின் பொம்மைகளை முதலீடாக வாங்கிப் பெட்டியோடு பூட்டி வைத்தார்கள். நிறுவனமும் பெரும் எண்ணிக்கையில் செய்தது. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் இன்று அவை எங்கும் குறையின்றிக் கிடைக்கின்றன, விலையும் இல்லை. 1959இல் வந்த முதல் பார்பிக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணமே, குழந்தைகள் அவற்றை விளையாடித் தீர்த்ததால் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு என்பதுதான். இன்னொன்று: முதுகில் '1966' என்றிருக்கும் பார்பியை யாரேனும் அறுபதுகளின் பொம்மை என்று விற்க வந்தால் மயங்காதீர்கள். அது உடல் அச்சின் உரிமை ஆண்டு. தொண்ணூறுகளில் செய்தவற்றிலும் அதே எண் இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 'அன்பளிப்பு' என்று எழுதச் சொன்னால் சுங்க வரி இல்லையாமே? (வாசகி, மதுரை)

பதில்: அந்தக் காலம் முடிந்துவிட்டது. அஞ்சலிலும் கூரியரிலும் வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விதிவிலக்கு. பொம்மைகளின் மீதான அடிப்படைச் சுங்க வரியும் 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. விலைப்பட்டியலில் உண்மை விலையையே எழுதச் சொல்லுங்கள். குறைத்து எழுதிய பொதி வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

கேள்வி: என் ஆறு வயது மகள் நான் சேகரித்த ராபன்ஸலைக் கேட்டு அழுகிறாள். கொடுக்க மறுப்பது தவறா? (வாசகி, ஈரோடு)

பதில்: தவறில்லை. சேகரிப்பாளருக்கான பொம்மைகள் பலவற்றில் கூரிய ஊசிகளும் உதிரும் கல்மணிகளும் உண்டு. சிறு குழந்தைக்கு உரியவையல்ல என்று பெட்டியிலேயே வயது குறித்திருப்பார்கள். அவளுக்கென்று விளையாடுவதற்கான ராபன்ஸல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கூந்தலைப் பின்னவும் அவிழ்க்கவும் குளிப்பாட்டவும் அவளுக்கு முழு உரிமை இருக்கட்டும். உங்கள் ராபன்ஸலை மாதம் ஒரு முறை தூசி தட்டும்போது அவளைப் பக்கத்தில் அமர்த்தி, மென்மையான தூரிகையைக் கையில் கொடுத்து, பாவாடை விளிம்பை மட்டும் அவளே தட்டச் சொல்லுங்கள்.