ரிமோட் ஹெலிகாப்டர் எழும்பியதும் தட்டாமாலை சுற்றுகிறது, வால் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

மன்னார்குடியில் இருக்கிறீர்கள், பையனுக்கு வாங்கிய ஹெலிகாப்டர் ஒரு சாண் எழும்பியதும் தட்டாமாலை சுற்றுகிறது, வால் விசிறி ஓடத்தான் ஓடுகிறது, ஆனாலும் கடைக்காரர் மோட்டார் மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மாடல் பெயர் இல்லை. வி911 என்ற சின்ன ஹெலிகாப்டர் மாதிரி, ஒற்றை செல் பேட்டரி போட்ட நாலு சேனல் பொம்மை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மோட்டாருக்கு இப்போதே ஆர்டர் போடாதீர்கள்.

முதலில் மேலே எத்தனை அடுக்கு இறக்கை என்று பாருங்கள். இரண்டு அடுக்கு இருந்து, வால் விசிறி வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தால், தட்டாமாலைக்கும் அந்த விசிறிக்கும் சம்பந்தமே இல்லை. அது மூக்கைத் தாழ்த்தி உயர்த்தி முன்னே பின்னே நகர்த்துவதற்கு மட்டும்தான். இரண்டு அடுக்கும் எதிரெதிராகச் சுற்றி ஒன்றின் முறுக்கு விசையை இன்னொன்று சரிக்கட்டும். ஒன்று மந்தமானால் உடம்பு சுற்றிவிடும். பெரிய பல்சக்கரங்கள் இரண்டையும் விரலால் சுழற்றுங்கள். எது இறுக்கமாக வருகிறதோ அங்கே முடி சுற்றியிருக்கும், பல் உடைந்திருக்கும், அல்லது தண்டு வளைந்திருக்கும். இரண்டும் லேசாக வந்தால் மந்தமான அடுக்கை ஓட்டும் மெயின் மோட்டாரைப் பாருங்கள்.

ஒரே அடுக்கு என்றால் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் முதல் கேள்வி. மேலிருந்து பார்க்க இறக்கை கடிகாரச் சுற்றில் ஓடினால், உடம்பு எதிர்ச்சுற்றில், அதாவது மூக்கு இடப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் விசிறி வாலை இடப்பக்கம் தள்ள வேண்டும். காற்று வலப்பக்கம் வெளியேற வேண்டும். உங்களுடையது எதிர்ச்சுற்று என்றால் இடம் வலத்தை மாற்றிப் படியுங்கள். மூக்கு இடப்பக்கம் போனால் வாலில் விசை போதவில்லை. வலப்பக்கம் போனால் வால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. ட்ரிம்மையோ (ரிமோட்டில் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும் பொத்தான்) கைரோவையோ (உடம்பு திரும்புவதை உணர்ந்து வாலைச் சரிக்கட்டும் சென்சார்) பாருங்கள்.

சோதனைக்கு மெயின் இறக்கைகளை ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிடுங்கள். இது கட்டாயம், பொம்மைதானே என்று நினைக்காதீர்கள், கண்ணில் பட்டால் பட்டதுதான். உடம்பைக் கையில் பிடித்து, த்ராட்டிலை (வேகம் ஏற்றும் குச்சி) கால்வாசி ஏற்றி, வாலின் வலப்பக்கம் டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைக் காட்டுங்கள். காகிதம் விறைப்பாக வெளியே பறக்க வேண்டும். விசிறி ஓடியும் காகிதம் தொங்கினால் விசிறியைத் தலைகீழாகச் செருகியிருக்கலாம். விசிறி இதழின் குவிந்த முதுகு காற்றை இழுக்கும் பக்கம், இங்கே இடப்பக்கம், இருக்க வேண்டும். காகிதம் வாலோடு ஒட்டிக்கொண்டால் காற்றே எதிர்ப்பக்கம் போகிறது: ரிப்பேர் செய்தவர் கம்பிகளை மாற்றி ஒட்டியிருக்கிறார்.

அடுத்தது, நிறையப் பேர் கவனிக்காதது. வால் விசிறி, மோட்டாரின் ஊசியில், அதாவது சுற்றும் மெல்லிய தண்டில், வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இரண்டு முறை தரையில் அடித்தால் விசிறியின் துளை தளர்ந்துவிடும். குறைந்த த்ராட்டிலில் விசிறி ஒழுங்காக ஓடும், ஏற்றும்போது ஊசி மட்டும் வழுக்கிச் சுற்றும். ‘ஓடத்தான் ஓடுகிறது’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான். ஊசி நுனியில் மார்க்கரால் ஒரு கோடு, விசிறி நடுவில் அதே நேராக ஒரு கோடு போட்டு, ஒரு முறை எழுப்பி இறக்குங்கள். கோடுகள் விலகியிருந்தால் புது விசிறி போடுங்கள், மோட்டார் வேண்டாம். சூப்பர் க்ளூ வைக்காதீர்கள். அது ஊசி வழியே, ஊசியைத் தாங்கும் புஷ்ஷுக்குள் இறங்கினால் நல்ல மோட்டாரும் போச்சு. புது விசிறிக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே ஒரு அட்டை கனம் இடைவெளி இருக்கட்டும், உரசினால் சூடாகும்.

ஊசியின் அடியில் முடி, நூல், தென்னை நார் இருக்கிறதா என்றும் பாருங்கள். களத்து மேட்டில், அறுவடை முடிந்த வயலில் இறக்குகிறவர்களுக்கு வைக்கோல் தும்பு கட்டாயம் இருக்கும். ஊக்கு முனையால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனை அளவு போதும். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும், வேண்டவே வேண்டாம்.

பேட்டரி புதிதாக ஏற்றியதும் ஒழுங்காகப் பறந்து, நாலைந்து நிமிடத்தில் சுற்ற ஆரம்பித்தால், அது வோல்ட் இறக்கம். முழு சார்ஜில் 4.2 வோல்ட். இறக்கியவுடன் அளந்து 3.5க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பேட்டரி உப்பியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வளைந்த மெயின் தண்டும் விளிம்பு கிழிந்த இறக்கையும் இதே வேலையைச் செய்யும்: எழும்பக் கூடுதல் த்ராட்டில், அதனால் கூடுதல் முறுக்கு, வால் திணறும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டார். அதன் கம்பியை போர்டிலிருந்து விடுவித்து, 1.5 வோல்ட் பென்சில் செல்லில் நேராகத் தொடுங்கள். தயங்கினாலோ, விரலால் தட்டிவிட்டால்தான் ஓடுகிறது என்றாலோ, உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. செல்லில் பளிச்சென்று ஓடி, போர்டில் ஓடவில்லை என்றால் கம்பி அல்லது போர்டு. த்ராட்டில் தொடாமலே, பேட்டரி மாட்டியதும் வால் மட்டும் ஓடினால் போர்டில் எஃப்இடி (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சில்லு) ஷார்ட், மோட்டார் மாற்றிப் பயனில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும், அதை முதலில் சுரண்டுங்கள்.

மாற்றும்போது, பழைய கம்பியின் முனையில் புதுக் கம்பியை ஒட்டி, வால் குழாய் வழியே இழுத்தால் சிக்காது. சில மாடல்களில் அது அரக்குப் பூசிய மெல்லிய செப்புக் கம்பி. பிளேடால் பூச்சைச் சுரண்டி, செம்பு மின்னுவதைப் பார்த்த பிறகே ஈயம் வையுங்கள்; சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், கரண்ட் போகாது. 25 வாட் அயர்ன், கூர்முனை, இரண்டு நொடி. செல்போன் கடையில் கொடுத்தால் நன்றாகச் செய்வார்களே என்று யாராவது வருவார்கள். செய்வார்கள்தான், எந்தக் கம்பி எங்கே என்று நீங்கள் போட்டோ எடுத்துக் கொடுத்தால்.

இன்னொரு கூட்டம், ‘இந்தத் தொல்லைக்கு ஒரு ட்ரோன் வாங்கலாமே’ என்று கமென்ட் போடும். டெல்டாவில் பயிருக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்ததிலிருந்து, பறக்கிற எதையும் ரிப்பேர் பார்க்கிறவர் அதையும் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. பத்து லிட்டர் தொட்டி தூக்குவதும் உள்ளங்கையில் நிற்பதும் ஒரே வித்தை இல்லை, சாமி.

வால் சுற்றாமல் நாய் வால்போல் படபடவென்று ஆடினால் அது அதிர்வு: மெயின் தண்டு, இறக்கைப் பிடி, கைரோ போர்டு ஒட்டிய ஸ்பாஞ்ச் டேப். மெதுவாக ஒரே பக்கம் நகர்ந்தால், பேட்டரி மாட்டும்போது கைரோ அசைந்திருக்கும். ரிமோட்டை முதலில் போட்டு, த்ராட்டில் அடியில் வைத்து, சமமான தரையில் பேட்டரி மாட்டி, லைட் நிலையாகும்வரை தொடாதீர்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துப் போனால் சில நிமிடம் விட்டு மாட்டுங்கள்.

ஆடிக் காற்றில் வெளியே விடவே விடாதீர்கள், காலியான கல்யாண மண்டபம் கிடைத்தால் அதுவே நல்ல இடம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளத்துப் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மூக்கு எந்தப் பக்கம் போகிறது, முழு சார்ஜிலேயே சுற்றுகிறதா, மார்க்கர் கோடு விலகியதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அதற்கு மேல் என்ன வாங்குவது என்று பார்க்கலாம்.